பண்டிகைப் பந்தியும் பற்றுக் கணக்கும்

பண்டிகையை நடுவாக வைத்துக் குடும்பக் கதை சொல்லும் நாவல்கள் உலக இலக்கியத்திலே ஏராளம். நாவலாசிரியனுக்குப் பண்டிகை ஒரு பெரிய வசதி. திசைக்கொருவராய்ச் சிதறிக் கிடக்கும் உறவினரை ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்து சேர்க்க அவன் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. தந்தையோடு பேச்சை முறித்துக்கொண்ட மகனும், வீட்டாரை மீறி மணம் முடித்த மகளும், சொத்துத் தகராற்றிலே ஒருவர் முகத்தை ஒருவர் பாராதிருக்கும் அண்ணன் தம்பியரும் அந்த ஒரு நாளில் ஒரே பந்தியில் அமர்ந்தாக வேண்டும். இரவிலே பழைய புண்கள் கீறப்படும், கண்ணீர் பெருகும், விடியும்போது எல்லோரும் சமாதானமாவர். மேனாட்டிலே இக்கதைகளுக்கு நத்தார் களமாக அமைந்தது. நம்மவர் இதே பணியைத் தீபாவளிக்குக் கொடுத்தனர். தமிழகத்துப் பத்திரிகைகளின் தீபாவளி மலர்களிலே தலைத்தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையின் கோபமும், அதைத் தணிக்க மாமனார் படும் பாடும் எத்தனை முறை கதையாகியிருக்கின்றன என்பதை வாசகர் அறிவர்.

முற்போக்கு எண்ணம் கொண்டோர் பலர் இவ்வகைக் கதைகளைக் கண்ணீர்ச் சரக்கென்று ஒதுக்கிவிடுவதுண்டு. நாம் அவ்வாறு ஒதுக்க விரும்பவில்லை. மக்கள் விரும்பிப் படிக்கும் ஓர் இலக்கிய வகையை அலட்சியம் செய்வது விமர்சகனின் கடமையாகாது. மேலும், கூலிக் குறைவும் வேலையின்மையும் நாடு கடத்தலும் புள்ளிவிவரங்களாக அரசாங்க ஏடுகளில் இருக்கலாம். அவை மனிதனைத் தாக்குமிடம் குடும்பந்தான். பண்டிகை நாளிலே அந்தக் குடும்பம் தன்னைத்தானே எண்ணிப் பார்த்துக்கொள்கிறது. ஆகவே, பண்டிகை நாவல் உண்மையைச் சொல்லுமாயின், அது மிக ஆழமான உண்மையைச் சொல்ல வல்லது.

உண்மையைச் சொல்கிறதா என்பதை எவ்வாறு அறிவது? மூன்று எளிய கேள்விகளை அத்தகைய நாவலின் முன் வைக்கலாம் என்பது நம் கருத்து. பந்தியிலே பரிமாறப்படும் உணவுக்குரிய பணம் யாருடைய உழைப்பிலிருந்து வந்தது? அதைச் சமைத்த கை எது? பந்திக்கு வராதவர் யார், ஏன் வரவில்லை? இம்மூன்றுக்கும் விடை கூறாது எல்லோரையும் கட்டித் தழுவ வைக்கும் நாவல், படிக்கும்போது இனிக்கலாம். படித்து முடித்தபின் நம்மை ஏமாற்றியிருக்கும்.

இக்கேள்விகளைக் கண்டியிலிருந்து எழுப்புவதற்குத் தக்க காரணமுண்டு. தலதா மாளிகைக்கு அண்மையில், தேவாலயங்களுக்கு நடுவே செங்கற் சுவரோடு நிற்கும் தூய பவுல் ஆலயத்தைக் கண்டி நகரிலே வாழ்வோர் நாள்தோறும் காண்கின்றனர். அதன் கட்டட வேலை தொடங்கியது 1843-ஆம் ஆண்டில். அதே ஆண்டு டிசம்பர் 19-ஆம் நாள் இலண்டனிலே சார்ல்ஸ் டிக்கின்ஸின் ‘நத்தார்க் கீதம்’ என்னும் சிறு நாவல் வெளிவந்தது. அக்காலத்திலே கண்டியைச் சூழ்ந்த மலைகளில் காடுகள் வெட்டி எரிக்கப்பட்டுக் கோப்பிச் செடி நடப்பட்டுக்கொண்டிருந்தது. மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1840-இல் இயற்றப்பட்ட முடிக்குரிய காணிச் சட்டம் கண்டியக் குடியானவரின் காட்டு நிலங்களைத் துரைமார் கைக்கு மாற்ற வழிசெய்திருந்தது. நிலம் கிடைத்தது, உழைக்கும் கை வேண்டியிருந்தது. தென்னிந்தியாவின் வறண்ட கிராமங்களிலிருந்து தமிழ் உழவர் கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரையும் காட்டுப் பாதையிலே நடந்து வந்தனர். வழியிலே மாண்டோர் பலர். ஆலயமும் கோப்பியும் நத்தார் நாவலும் ஒரே காலத்தின் விளைவுகள். இத்தொடர்பை மனத்திற் கொண்டு டிக்கின்ஸைப் படிப்பது, இலண்டனிலிருந்து படிப்பதினும் வேறானது.

‘நத்தார்க் கீதம்’ நமது நாட்டில் ஆங்கிலம் கற்ற தலைமுறைகளுக்குப் பழக்கமான கதை. ஸ்குரூஜ் என்னும் கருமி வட்டிக்காரன், நத்தார் முந்திய இரவிலே இறந்துபோன கூட்டாளியின் ஆவியாலும், அதன்பின் வந்த மூன்று ஆவிகளாலும் தன் கடந்த காலத்தையும் நிகழ்காலத்தையும் எதிர்காலத்தையும் காண நேர்கிறது. விடிந்ததும் திருந்திய மனிதனாகிறான். பாடசாலைகளிலே இதனைக் கருணையின் கதையாகவே போதித்து வந்துள்ளனர். ஆனால் டிக்கின்ஸ் இதனை எழுதப் புகுந்த சூழ்நிலை வேறு. 1843-இல், சுரங்கங்களிலும் ஆலைகளிலும் குழந்தைகள் வேலை வாங்கப்படுவது பற்றி விசாரித்த ஆணைக்குழுவின் இரண்டாம் அறிக்கை வெளிவந்தது. அதைப் படித்து மனம் கொதித்த டிக்கின்ஸ், ஏழைக் குழந்தையின் சார்பில் ஒரு துண்டுப் பிரசுரம் எழுத முதலில் எண்ணினார். பின்னர் அதைக் கைவிட்டு, அதனினும் வலிமையாகத் தாக்கும் என நம்பி இக்கதையை எழுதினார். பன்னிரண்டு வயதிலே, தந்தை கடனுக்காகச் சிறையிலிருந்தபோது, காலணி மைத் தொழிற்சாலையிலே கூலிக்கு நின்றவர் அவர். கடனும் கூலியும் குடும்பத்தை எவ்வாறு சிதைக்கும் என்பது அவருக்கு ஏட்டறிவன்று.

அவ்வாண்டு அக்டோபரிலே அவர் மான்செஸ்டர் நகரத்தில் தொழிலாளர் கல்வி பற்றிப் பேசினார். அதே காலத்திலே, அதே நகரத்திலே, இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றித் தாம் எழுதவிருந்த நூலுக்கு வேண்டியவற்றைத் திரட்டிக்கொண்டிருந்தார் இளைஞரான ஏங்கல்ஸ். இருவரும் ஒரே புகையையும் ஒரே சேரிகளையும் கண்டனர். ஒருவர் 1845-இல் அந்நூலை வெளியிட்டார். மற்றவர் நத்தார்க் கதை எழுதினார். அரசியல்வாதிகளும் ஒழுக்கவாதிகளும் சேர்ந்து சொன்னதை விட அதிகமான சமுதாய உண்மைகளை டிக்கின்ஸ் போன்ற நாவலாசிரியர் உலகுக்குச் சொல்லிவிட்டனர் என்ற கருத்தைப் பின்னாளில், 1854-இல், மார்க்ஸ் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் எழுதியது நாம் நினைவுகூரத் தக்கது.

அந்த உண்மையைக் கதையின் உயிரான காட்சியிலே காணலாம். ஸ்குரூஜின் எழுத்தர் பொப் கிராச்சிட். வாரத்துக்குப் பதினைந்து ஷில்லிங் சம்பளம். மனைவியும் ஆறு பிள்ளைகளும். நத்தார் நாள் விருந்து நடக்கிறது. மனைவி அணிந்திருப்பது இருமுறை பிரித்துத் திருப்பித் தைத்த உடை. மூத்த மகள் மார்த்தா தையற்கடை வேலையிலிருந்து தாமதித்து வருகிறாள். முதல்நாள் இரவு முடிக்கவேண்டிய வேலை மிகுதி. வீட்டிலே அடுப்பு வசதியில்லாமையால் வாத்து ரொட்டிக்கடைச் சூளையிலே வாட்டப்படுகிறது. இறுதியிலே வரும் புடிங் அக்குடும்பத்துக்குப் போதாத அளவு சிறியது. ஆனால் அது சிறியது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை, எண்ணக்கூட இல்லை. அப்படிச் சொல்வது அந்த வீட்டிலே பெரும் பாவமாகக் கருதப்பட்டிருக்கும் என்கிறார் டிக்கின்ஸ். ஏழைக் குடும்பத்தின் அன்பு எவ்வாறு இயங்குகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? அந்த வீட்டாரின் அன்பு இல்லாமையை மறைக்கும் ஒரு கூட்டு உடன்பாடாகவும் இருக்கிறது. பசியை மட்டுமன்றி, பசி வெளியே தெரியக்கூடாது என்ற கவலையையும் அவர்கள் பங்கிட்டுக்கொள்கின்றனர்.

விருந்து முடிந்தபின் நடப்பதே நமக்கு மிக முக்கியமானது. பொப் கிராச்சிட் கோப்பையை உயர்த்தி, இவ்விருந்தின் கர்த்தா ஸ்குரூஜ் நலமாக வாழ்க என்கிறான். அவன் மனைவி சினந்து எழுகிறாள். அந்த மனிதனா விருந்தின் கர்த்தா? அவன் இங்கே வந்தால் தன் மனத்திலுள்ளதையே அவனுக்கு விருந்தாக வைப்பேன் என்கிறாள். பிள்ளைகள் முன்னிலையில் இப்படிப் பேசலாமா, இன்று நத்தார் அல்லவா என்று கணவன் தணிக்கிறான். கணவனுக்காகவும் நாளுக்காகவும் அவள் அருந்துகிறாள், ஸ்குரூஜுக்காக அன்று. கதை முழுவதிலும் வர்க்க உணர்வு தெளிவாகப் பேசும் குரல் இந்தப் பெண்ணுடையது. கணக்கு வழக்கைக் காரியாலயத்திலே எழுதுபவன் கணவன். ஆனால் பதினைந்து ஷில்லிங்கை ஏழு நாட்களுக்கு நீட்டுபவள் அவள். ஆகவே உண்மைக் கணக்கு அவளுக்கே தெரியும். பண்டிகையின் பெயரால் அவள் வாய் அடைக்கப்படுவதையும் டிக்கின்ஸ் கண்டிருக்கிறார்.

இத்தனையும் கண்ட கலைஞர் கதையை எங்கே கொண்டு முடிக்கிறார்? ஸ்குரூஜின் மனம் மாறுகிறது. பெரிய வான்கோழி ஒன்று கிராச்சிட் வீட்டுக்குப் போகிறது. மறுநாள் சம்பளம் உயர்கிறது. நோயாளிக் குழந்தை டிம் பிழைக்கிறான். முதலாளி அவனுக்கு இரண்டாம் தந்தையாகிறான். அதாவது, கிராச்சிட்டின் மனைவி மறுத்துரைத்த அதே பட்டத்தை ஆசிரியர் இறுதியிலே ஸ்குரூஜுக்குச் சூட்டிவிடுகிறார். அவன் உண்மையாகவே விருந்தின் கர்த்தா ஆகிவிடுகிறான். ஊதிய உயர்வு உரிமையாக வரவில்லை, பண்டிகைப் பரிசாக வருகிறது. நாளை அவன் மனம் மீண்டும் மாறினால் கிராச்சிட்டுக்குப் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? கூலிக்காரனையும் முதலாளியையும் ஒரே குடும்பமாக்கிவிட்டால் கூலிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பதே பண்டிகை நாவல் உலகுக்கு வழங்கிய பெரிய மாயை. டிக்கின்ஸின் மேதை அவருடைய நடுப் பகுதியிலே உள்ளது. முடிவிலே உள்ளது அவருடைய வர்க்கத்தின் ஆசை.

இனி, கண்டிக்குத் திரும்புவோம். இந்நகரிலே வாழ்ந்து 2019-இல் மறைந்த காள் முல்லர் ஆங்கிலத்திலே எழுதிய ‘ஜாம்பழ மரம்’ 1993-இல் வெளியாகி, அவ்வாண்டு முதன்முறையாக வழங்கப்பட்ட கிரேஷன் பரிசைப் பகிர்ந்துகொண்டது. அது நத்தாரை மட்டும் பொருளாகக் கொண்ட நாவலன்று. ஆயினும், பண்டிகை மனப்பான்மை முழு நாவலாக விரிந்ததற்கு நம் நாட்டிலே அதனினும் நல்ல எடுத்துக்காட்டுக் கூறுவது கடினம். தெகிவளையிலே வாழும் ஃபொன் பிளொஸ் என்னும் கீழ் மத்தியதரப் பறங்கியர் குடும்பத்தின் கதை அது. தந்தை செசில்பிரின்ஸ், தாய் மோடிகேர்ள், பதின்மூன்று பிள்ளைகள். அவர்களுள் சொனாபோய் புகையிரத இயந்திரம் ஓட்டுபவன். நிச்சயதார்த்தம், மணவிழா, ஞானஸ்நானம், இறப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக இவர்கள் கூடுகின்றனர், குடிக்கின்றனர், உண்கின்றனர், அடித்துக்கொள்கின்றனர், மறுபடியும் கூடுகின்றனர். எந்த மண்ணிலும் வளர்ந்து ஆண்டு முழுவதும் காய்க்கும் ஜாம்பழ மரம் இக்குடும்பத்துக்கும் இச்சமூகத்துக்கும் குறியீடாகிறது.

இந்நாவலின் நற்பண்பு யாது? வறுமைக்கும் மதிப்புக்கும் இடையே தொங்கும் கீழ் மத்தியதரக் குடும்பத்தை அது மெருகு பூசாமல் காட்டுகிறது. வெள்ளையன் நிழலிலே வாழ்ந்து, வெள்ளையனாக ஏற்கப்படாத ஒரு சிறுபான்மை மக்களை, அவர்களுடைய கொச்சை மொழியோடும் ஆபாசச் சிரிப்போடும் உயிருள்ள மனிதராக நடமாட விடுகிறது. ‘கண்ணியமான’ பறங்கியர் பலர் முகம் சுளித்தனர் என்றால் அதுவே அதன் உண்மைக்குச் சான்று. நாம் எழுப்பிய இரண்டாம் கேள்விக்கு, அதாவது சமைத்த கை எது என்ற கேள்விக்கு, முல்லர் விடை சொல்கிறார்: மோடிகேர்ளின் சமையலறையே அக்குடும்பத்தின் இதயம். அந்தச் சமையலறையின் பெயராலேயே பின்னர் ஒரு தனி நூலும் எழுதினார்.

முதற் கேள்விக்கு நாவல் பாதி விடைதான் தருகிறது. இக்குடும்பத்தின் சோறு புகையிரதச் சம்பளத்திலிருந்து வருகிறது. இலங்கையிலே புகையிரதம் யாருக்காக வந்தது? கண்டி மலைகளின் கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்வதற்காகவே துரைமார் அதனைக் கேட்டுப் பெற்றனர். 1867-இல் பாதை கண்டியை அடைந்தது. அதே ஆண்டு கண்டிக்குத் தெற்கே லூல்கந்துரைத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டார். பாதை 1874-இல் நாவலப்பிட்டிக்கும், 1885-இல் நானுஓயாவுக்கும், 1924-இல் பதுளைக்கும் ஏறியது. ஆகவே, இயந்திரம் ஓட்டிய பறங்கியன் வீட்டு நத்தார் மேசைக்கும், கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்ணின் கூடைக்கும் நடுவே ஓர் இரும்புப் பாதை நேராக ஓடுகிறது. நாவல் நம்மை இயந்திரத்தின் மேல் ஏற்றுகிறது. அந்த இயந்திரம் இழுத்துச் செல்லும் சரக்கை அவிழ்த்துக் காட்டவில்லை. இதைக் கூறுவது முல்லரைக் குறை சொல்வதற்கன்று. ஒரு சமூகத்தின் விருந்தை இன்னொரு சமூகத்தின் உழைப்போடு இணைத்துக் காணும் பார்வை நமது நாவலுக்கு இன்னும் வசப்படவேண்டியிருக்கிறது என்பதைச் சுட்டுவதற்கே.

மூன்றாம் கேள்விக்கு வருவோம். 1956-இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபின் பறங்கியர் பல்லாயிரவர் அவுஸ்திரேலியாவுக்கும் பிற நாடுகளுக்கும் சென்றனர். இலங்கையின் பறங்கியர் நத்தார் பந்தியிலே இன்று காலியான நாற்காலிகளே மிகுதி. ‘ஜாம்பழ மரம்’ 1930-களின் நிறைந்த வீட்டை 1993-இலிருந்து திரும்பிப் பார்க்கிறது. அதன் ஆரவாரத்துக்கு அடியிலே ஒரு துயரம் இழையோடுவதை நுண்ணிய வாசகர் உணர்வர். அது பிரிந்து போனவர்களைச் சிரிப்பினால் அழைக்கும் குரல். அந்த அளவிலே அது நல்ல பண்டிகை நாவல்.

அந்த இரும்புப் பாதையின் மறுமுனையிலே, புசல்லாவை, கலஹா, தெல்தோட்டை, நாவலப்பிட்டி எனக் கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களிலே பண்டிகை எவ்வாறு வந்தது? பண்டிகைக்கு முன்னர்த் தொழிலாளிக்குத் தோட்ட நிர்வாகம் முற்பணம் கொடுக்கும். இந்துக்களாயின் தீபாவளிக்கு, கிறிஸ்தவராயின் நத்தாருக்கு. பண்டிகை கழிந்ததும் அப்பணம் மாதாமாதம் சம்பளத்திலே தவணையாகப் பிடிக்கப்படும். பிள்ளைகளுக்குத் துணி, ஒருநாள் இறைச்சிச் சோறு, பலகாரம், பெண் கொடுத்த வீட்டுக்குச் சீர். அவ்வளவும் நடந்து முடிகிறபோது, வரப்போகும் மாதங்களின் உழைப்பில் ஒரு பகுதி ஏற்கெனவே விற்றாகிவிட்டது. இதற்கு முன்னிருந்த நிலையோ இன்னும் கொடியது. பெரிய கங்காணியின் ஏட்டிலே கடன் ஏறும். அக்கடனைக் குறித்த ‘துண்டு’ என்னும் சீட்டோடுதான் தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியும். 1921-இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. துண்டு போயிற்று, பற்று நின்றது.

பண்டிகை நாளிலே தப்படித்துக்கொண்டு பங்களா வாசலுக்குச் சென்று துரைக்கு மாலையிட்டு வாழ்த்தும் வழக்கம் தோட்டங்களிலே இருந்தது. பொப் கிராச்சிட் கோப்பையை உயர்த்திய அதே காட்சியல்லவா இது? தன்னுடைய கூலியையே கடனாகப் பெற்று, அதற்காகக் கடன் கொடுத்தவனை விருந்தின் கர்த்தாவாக வணங்கும் நிலை! கிராச்சிட்டின் மனைவி கேட்ட கேள்வியை லயத்து அடுப்பங்கரையிலே எத்தனை பெண்கள் மனத்துக்குள் கேட்டிருப்பார்கள்! விடியற்காலையில் எழுந்து சமைத்து, பிள்ளைகளை மடுவத்திலே விட்டு, மலையேறிக் கொழுந்து பறித்து, மாலையிலே திரும்பி மீண்டும் அடுப்பு மூட்டுபவள் அவள். பண்டிகையன்று மலைக்குப் போகாத அவளுக்கு அடுப்பிலிருந்து ஓய்வில்லை. நாட்கூலி 1,000 ரூபா வேண்டும் என்ற கோரிக்கை எழுந்து பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னர் 2021-இல்தான் சம்பளச் சபையின் மூலம் அது சட்டமாயிற்று. அது ஸ்குரூஜின் மனமாற்றத்தினால் கிடைத்ததன்று. கேட்டும் மறுக்கப்பட்டும் மீண்டும் கேட்டும் கிடைத்தது. அது கிடைத்த நேரத்திலே விலைவாசி அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது என்பது தனிக் கதை.

குடும்ப உறவு பற்றிப் பேசும் எழுத்தாளன் வீட்டைப் பற்றியும் பேச வேண்டும். மேனாட்டுப் பண்டிகை நாவலிலே கோபித்துக்கொண்டவன் மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். தாய் பின்னால் ஏறிச் சென்று சமாதானம் செய்வாள். லயத்திலே மாடியேது, கதவேது? பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் ஒரே காம்பிராவிலே முடங்கும் வாழ்வு மனித உறவின் நாணத்தையே எவ்வாறு நெரிக்கிறது என்பதைத் தெளிவத்தை ஜோசப் ‘மீன்கள்’ என்னும் சிறுகதையிலே காட்டினார். பதுளைப் பகுதியைச் சேர்ந்த கிறிஸ்தவரான அவர், 2022-இல் மறையும் வரை, லயத்து மனிதரை அனுதாபப் பொருளாக்காமல் மனிதராகவே எழுதினார். பூண்டுலோயாப் பக்கத்து மடக்கும்புரைத் தோட்டத்திலே பிறந்து, 1947-இல் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவல் ஒன்றுக்கு ‘வீடற்றவன்’ என்றே பெயரிட்டார். வீடே இல்லாதவனுக்கு ‘வீட்டுக்குத் திரும்புதல்’ என்னும் பண்டிகைக் கதை எவ்வாறு பொருந்தும்? மலையக எழுத்து இக்கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

வேலுப்பிள்ளை முதலிய எழுவர் தோட்ட மக்களின் வாக்கினால் பாராளுமன்றம் புகுந்த மறு ஆண்டே, 1948-இல், குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரிலே சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிப் பிரித்தது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி பின்னர் தீர்மானிக்கப்படும் என்றனர். 1974-இல் அவர்களையும் பாதிக்குப் பாதியாகப் பங்கிட்டனர். இரண்டு அரசுகள் கணக்குத் தீர்த்துக்கொண்டபோது குடும்பங்கள் பிளந்தன. அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தங்கைக்கு இலங்கைக் குடியுரிமை. மகன் போக, தாய் நிற்க. மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட புகையிரதத்துக்கு மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்று பெயர் வைத்தனர். துரைமார் கோப்பியை இறக்குவதற்கு அமைத்த அதே பாதை, அம்மலைகளை வளமாக்கியவரின் பேரப் பிள்ளைகளை இறக்கிச் சென்றது. அவர்களுட் பலர் நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளிலே மீண்டும் தேயிலைக்கே கூலிகளாயினர். அங்கே அவர்களைச் ‘சிலோன்காரர்’ என்றனர். இங்கே ‘இந்தியாக்காரர்’ என்றிருந்தனர்.

எஞ்சியோருக்கு முழுமையான குடியுரிமை கிட்டியது 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேதான். அதற்குள் அழுகைக் கோச்சியிலே போன அண்ணனுக்கு அங்கே பேரப்பிள்ளைகள் பிறந்துவிட்டனர். 1984-இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றுபோன பின்னர், அவனுடைய தீபாவளிக்கும் தங்கையின் தீபாவளிக்கும் இடையே கடிதம் மட்டுமே இருந்தது. பல வீடுகளில் அதுவும் நின்றது.

பண்டிகை நாவலுக்கு இதைவிட வலிய பொருள் வேண்டுமோ? ஒரே பண்டிகை நாள். கண்டிக்கு மேலே ஒரு லயக் காம்பிரா. கூடலூருக்கு அருகே ஒரு குடிசை. இரண்டிலும் ஒரே பலகாரம், ஒரே பாட்டியிடம் கற்ற கைப்பக்குவம். இரண்டு அடுப்புக்கும் நடுவே இரு அரசுகள் ஒப்பமிட்ட தாள். இங்கே சமாதானம் செய்து வைப்பதற்குக் குடும்பத்துக்குள் பகையே இல்லை. அண்ணனும் தங்கையும் சண்டையிட்டுப் பிரியவில்லை, பிரிக்கப்பட்டனர். ஆகையால் வழக்கமான பண்டிகை நாவலின் முடிவு, அதாவது ‘மனம் மாறினான், வீடு திரும்பினான்’ என்ற முடிவு, இக்குடும்பத்துக்கு உதவாது. யாருடைய மனம் மாற வேண்டும்? மாற வேண்டியது சட்டம். மாற வேண்டியது கூலி. மாற வேண்டியது காணியுரிமை. குடும்பத்தின் கண்ணீரைத் துடைக்கக் குடும்பத்துக்கு வெளியே பார்க்க வேண்டியிருக்கிறது. இதனை உணர்ந்த எழுத்தாளன் இவ்வகை நாவலின் பழைய அச்சை உடைத்தே தீருவான்.

அப்படி உடைப்பவன் அன்பையும் மகிழ்ச்சியையும் எறிந்துவிட வேண்டும் என்று யாரும் கருத வேண்டாம். பற்றுக் கணக்கை மட்டும் எழுதினால் அது நாவலாகாது, சம்பளச் சீட்டாகும். கடன் வாங்கியாவது பிள்ளைக்குப் புதுச் சட்டை எடுக்கும் தொழிலாளி அறிவிலி அல்லன். ஆண்டு முழுவதும் ‘பேர்’ எண்ணிக்கையாக நடத்தப்படும் அவன், அந்த ஒரு நாளிலாவது தந்தையாகவும் மாமனாகவும் விருந்து படைப்பவனாகவும் இருக்க விரும்புகிறான். தன் மனிதத்தன்மைக்கு அவன் கொடுக்கும் விலையே அந்தக் கடன். கிராச்சிட் வீட்டிலே புடிங் சிறியது என்று ஒருவரும் சொல்லவில்லை என எழுதியபோது டிக்கின்ஸ் கண்டது இதைத்தான். மோடிகேர்ளின் அடுப்பங்கரையிலே முல்லர் கண்டதும் இதைத்தான். இந்தக் கௌரவத்தையும் அதற்குப் பிடிக்கப்படும் தவணையையும் ஒரே பக்கத்திலே எழுதும் திறமையே நாம் வேண்டுவது.

இப்பணியிலே ஆசிரியருக்கும் மாணவருக்கும் பங்குண்டு. வகுப்பறையிலே ‘நத்தார்க் கீதம்’ படிக்கப்படும்போது, ஸ்குரூஜ் எப்படித் திருந்தினான் என்று மட்டும் கேளாது, பதினைந்து ஷில்லிங்கிலே எட்டுப் பேர் எப்படி வாழ்ந்தனர் என்றும், விருந்தின் கர்த்தா யார் என்பதில் கணவனும் மனைவியும் ஏன் வேறுபட்டனர் என்றும் கேட்கலாம். தோட்டத்திலிருந்து வரும் மாணவன் அக்கேள்விக்குத் தன் வீட்டிலிருந்தே விடை கொண்டு வருவான். கூடலூருக்குப் போன பெரியப்பாவின் பெயரையும், அவர் போன ஆண்டையும், போகும்போது கொண்டுபோன பாத்திரங்களையும் பாட்டி சொல்லக் கேட்டு எழுதி வரட்டும். மலையகத்தின் பண்டிகை நாவலுக்கு வேண்டிய மூலப்பொருள் அந்தக் கொப்பிகளிலேதான் சேரப்போகிறது. அந்தப் பாட்டிமார் இன்னும் நெடுங்காலம் நம்மோடு இருக்கப் போவதில்லை. எழுத வேண்டியதை இப்போதே கேட்டு எழுதுவோம்.